மார்ச் மாத மாத்திரைகள்

பௌடேலியோ ஓரோஸ்கோ தன் பெயரைக் கல்லறைக் கல்லில் செதுக்கக் கொடுத்தபோது அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது முடிந்து ஆறே நாள்.

நோய் ஒன்றும் இல்லை. எந்த டாக்டரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. ஆனால் அப்பா கிறிஸ்பின் ஐம்பத்து மூன்றாவது வயதில் வெங்காய வயலில் குனிந்தவர் நிமிரவே இல்லை. அண்ணன் லெயோபார்தோ அதே ஐம்பத்து மூன்றில், மகள் கல்யாணத்தன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன், இஸ்திரிப் பெட்டியோடு சரிந்தான். சட்டையில் முக்கோணமாகக் கருகிய தழும்பு. அதே சட்டையில்தான் அடக்கம் செய்தார்கள், கோட்டுப் பொத்தானைப் போட்டு மறைத்து.

"எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அவ்வளவுதான் பெட்ரோல்," என்று கல் செதுக்குபவரிடம் பௌடேலியோ சிரித்துக்கொண்டே சொன்னானாம். "இப்பவே எழுதிடுங்க. அப்புறம் என் பொண்டாட்டி எழுத்துப் பிழையோட எழுதக் குடுத்துடுவா."

ஞாயிற்றுக்கிழமை பூ மாற்றப் போன அக்கா எலோடியா அதைப் பார்த்தாள். அப்பா பெயர், பிறந்ததும் இறந்ததுமாக இரண்டு வருடங்கள். அண்ணன்தம்பி வரிசையில் லெயோபார்தோ பெயர், இரண்டு வருடங்கள். கீழே புத்தம் புதிதாக, கல் தூள்கூடத் துடைக்கப்படாமல், பௌடேலியோ. பிறந்த வருடம். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் கல்.

எலோடியாவுக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளம், அகலம், வேகம். அழவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் ரோஜாக்களை அப்பாவுக்கும் லெயோபார்தோவுக்கும் பிரித்து வைத்தாள். தம்பி பெயருக்கு நேரே ஒரு பூவும் விழாதபடி பார்த்துக்கொண்டாள்.

"இந்தக் கோட்டை நான் நீட்டறேன் பாரு," என்று கல்லிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

சொல்வது சுலபம். டெக்சஸின் தென்கோடியில், எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம், தார் பார்க்காத நாலு தெருக் குடியிருப்பு அது. எலோடியாவின் வேலையே வீடு வீடாகப் போய்க் கைப்பட்டையைச் சுற்றி, பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, மோசமாக இருந்தால் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவது. பதினோரு வருடமாகச் செய்கிறாள். நானூறு பேரின் கையை அவளுக்குத் தெரியும். யார் கையில் என்ன பச்சை குத்தியிருக்கிறது என்பதுவரை தெரியும்.

சொந்தத் தம்பியின் கைதான் இன்றுவரை கிடைத்ததில்லை.

கேட்டால், லாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கும் காகிதத்தைத் தட்டிக் காட்டுவான். கனரக வண்டி ஓட்டுநருக்கான மருத்துவச் சான்றிதழ். வருடா வருடம் மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய் அன்று பரிசோதனை. வருடா வருடம் பாஸ்.

"அரசாங்கமே சொல்லிடுச்சு நான் கல்லு மாதிரி இருக்கேன்னு. உன் டப்பா மெஷினை நான் நம்பணுமா?"

"கல்லு மாதிரி இருக்கறவன் எதுக்குடா கல்லுல பேர் எழுதினே?"

"அது விதி. இது ஹெல்த். ரெண்டும் வேற டிபார்ட்மென்ட்."

அவன் பேச்சே அப்படித்தான். பிடரியில் வலிக்கிறது என்பான். சீட் சரியில்லை என்பான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பான். மாடி உயரம் என்பான்.

கிளினிக்கிலும் எலோடியாவுக்கு ஒரு சண்டை காத்திருந்தது. மேற்பார்வையாளர் ஹேட்லி அம்மாள் ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்து வீடு வீடாகப் போடச் சொன்னாள். வழவழப்பான காகிதம். அட்டையில் ஒரு தட்டு, தட்டில் ரோஸ் நிற மீன், சுருட்டை முடி மாதிரி ஒரு கீரை. கீழே தடித்த எழுத்தில், சோள ரொட்டியைத் தவிர்க்கவும், பீன்ஸைக் குறைக்கவும்.

"உங்க ஜனங்க சாப்பாட்டை மாத்தினாத்தான் இதயம் தப்பிக்கும் எலோடியா," என்றாள் ஹேட்லி அம்மாள், நல்லெண்ணத்தோடுதான்.

"மேடம், எங்க ஜனங்க பீன்ஸும் சோளமும் தின்னே காடு வெட்டினாங்க, கோயில் கட்டினாங்க. பீன்ஸ் யாரையும் கொல்லலை. அதுல கரண்டி கரண்டியா விடற பன்னிக் கொழுப்பும், தண்ணிக்குப் பதிலா குடிக்கற கோலாவும்தான் கொல்லுது. அதை எழுதி அச்சடிங்க. நானே கொண்டு போய் போடறேன்."

"இது ஏற்கெனவே அச்சாயிடுச்சு."

"எதுக்காவது உதவும்," என்று கட்டை வாங்கிக் கார் டிக்கியில் எறிந்தாள் எலோடியா. உதவத்தான் செய்தது. எப்படி என்பது பின்னால் வருகிறது.

மார்ச் மாதம் பிறந்து ஆறாம் நாள். வெள்ளிக்கிழமை. தம்பியின் பரிசோதனைக்கு இன்னும் நாலு நாள். எலோடியா தன் சுற்றில் தம்பி மனைவி மினெர்வாவின் வீட்டுக்கு வந்தாள்.

மினெர்வா சாது. மூன்று வருடமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாள். எலோடியாவின் நோட்டில் நட்சத்திரம் போட்ட பெயர். ஒரு நாள்கூடத் தவறமாட்டாள். அவள் கையைப் பார்ப்பது எலோடியாவுக்கு ஓய்வு மாதிரி.

பட்டை இறுகியது. தளர்ந்தது. மெஷின் திரையில் எண்கள் நின்றன.

நூற்று எழுபத்து நாலு. கீழே நூற்று இரண்டு.

"காபி குடிச்சியா?"

"இல்ல அண்ணி."

"சண்டையா?"

"யாரோட?"

ஐந்து நிமிடம் உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தாள். நூற்று எழுபத்திரண்டு. எலோடியா நோட்டைப் பின்னால் புரட்டினாள். ஜனவரியில் நூற்று இருபத்தெட்டு. நவம்பரில் நூற்று முப்பது. வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்த எண், எங்கிருந்து இப்படித் துள்ளியது?

"மாத்திரை டப்பாவைக் கொண்டா."

அது ஒரு பழைய உத்தி. ஆரஞ்சு நிற டப்பாவில் பெயரும் வாங்கிய தேதியும் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பதை எண்ணினால் பொய் வெளியே வந்துவிடும். பிப்ரவரி இருபத்து நாலாம் தேதி வாங்கிய முப்பது மாத்திரை. பத்து நாள் போயிருக்கிறது. இருபது இருக்கவேண்டும்.

மேஜையில் கொட்டி இரண்டிரண்டாகத் தள்ளினாள். இருபது இருந்தது. ஒன்றுகூட அதிகமில்லை, ஒன்றுகூடக் குறைவில்லை.

மாத்திரை ஒழுங்காகக் குறைகிறது. பிரஷர் குறையவில்லை. அப்படியானால்?

எலோடியா நோட்டை இன்னும் பின்னால் புரட்டினாள். போன வருடம். மார்ச் ஒன்பது, நூற்று அறுபத்தெட்டு. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: கவலையோ? அதற்கு முந்தைய வருடம். மார்ச் ஐந்து, நூற்று அறுபத்தாறு. குறிப்பு: தூக்கமில்லை. மற்ற பதினோரு மாதமும் வெண்ணெய். மார்ச்சில் மட்டும் துள்ளல்.

மார்ச்சில் இந்த வீட்டில் என்ன நடக்கிறது?

அவள் கண்கள் சமையலறையைச் சுற்றின. அடுப்பில் பீன்ஸ். ஜன்னலில் புனிதர் படம். மேடை மேல் பௌடேலியோவின் மதியச் சாப்பாட்டுப் பெட்டி, மூடித் தயாராக. பதினோரு மணிக்கு அவன் வந்து எடுத்துக்கொண்டு லோடு ஏற்றப் போவான்.

எலோடியா எழுந்தாள்.

"அண்ணி, அதுல ஒண்ணுமில்ல. ரொட்டிச் சுருள்தான்."

"எத்தனை?"

"மூணு."

பெட்டியைத் திறந்தாள். வெள்ளித்தாளில் சுற்றிய மூன்று நீளப் பொட்டலம். மூலையில் நாலாவதாக ஒன்று, கட்டை விரல் நகம் அளவு. அவ்வளவு சின்ன ரொட்டிச் சுருளை எலோடியா பார்த்ததில்லை. பிரித்தாள்.

ஒற்றை வெள்ளை மாத்திரை.

மினெர்வா அடுப்புப் பக்கம் திரும்பி, கிளறத் தேவையில்லாத பீன்ஸைக் கிளறினாள்.

"எத்தனை வருஷமா?"

"எனக்கு மாத்திரை எழுதிக் குடுத்ததுலேர்ந்து. செக்கப்புக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிப்பாரு. பாஸானதும் நிறுத்திடுவாரு."

"அதுக்கு முன்னாடி?"

"உங்க அம்மாவோடது."

எலோடியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செத்துப் போன அம்மாவின் மாத்திரைகூட மிச்சம் வைக்காத தம்பி.

"உன் மாத்திரையைக் குடுத்துட்டு நீ பட்டினி கிடக்கிறியே, உனக்கு மூளை இருக்கா?"

"லாரி ஓடினாத்தானே அண்ணி வீடு ஓடும். மாத்திரை சாப்பிடறேன்னு டாக்டர்கிட்ட வாயைத் தொறந்தா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்களாம். இவர் மட்டுமா? இவர்கூட லாரி ஓட்டற செர்வாந்தோ வீட்லயும் இதே கதைதான். டிரைவர் பொண்டாட்டிங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் யாரும் சொல்லலை."

"ஏன்?"

"நீங்க நோட்டுல எழுதிடுவீங்க."

நானூறு கைகளைத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு கை வேலை தெரியவில்லை. எலோடியாவுக்குக் கன்னத்தில் அடி விழுந்த மாதிரி இருந்தது. அடி விழுந்தால் அவள் சுருங்குகிறவள் அல்ல, நிமிர்கிறவள்.

பதினோரு மணிக்கு லாரி வந்து நின்றது. பௌடேலியோ குதித்து இறங்கினான். பெரிய தொப்பை, பெரிய மீசை, தொப்பியில் எண்ணெய்க் கறை. அக்கா கையில் அந்தத் துளி வெள்ளித்தாளைப் பார்த்ததும் நடை ஒரு நொடி தடுக்கியது. அவ்வளவுதான்.

"என் சாப்பாட்டுப் பெட்டியை யார் தொறந்தது?"

"இது என்னடா?"

"இனிப்பு."

"உன் பொண்டாட்டிக்கு இப்ப நூத்தி எழுபத்து நாலு."

"அவ நல்லாத்தானே இருக்கா? அதோ நிக்கறா பாரு, குத்துக்கல்லு மாதிரி. ரெண்டு வாரம் மாத்திரை இல்லேன்னா யாரும் செத்துடறதில்ல. நான் வருஷம் பூரா இல்லாம ஓட்டறேன்."

"வருஷம் பூரா உனக்கு எவ்வளவு இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா எழுதணும். எழுதினா லைசென்ஸ் போகும். வெங்காய அறுப்பு ஆரம்பிச்சாச்சு அக்கா. இந்த ரெண்டு மாசத்துலதான் எனக்கு வருஷமே இருக்கு."

"மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள்ள வெச்சிருந்தா லைசென்ஸ் போகாதுடா. வருஷா வருஷம் புதுப்பிச்சுத் தருவாங்க. சட்டமே அதான்."

"உனக்கு எல்லாச் சட்டமும் தெரியும். அப்பாவைக் காப்பாத்துச்சா உன் சட்டம்? லெயோபார்தோவை? அவன் கையில நீ எத்தனை தடவை பட்டையைச் சுத்தினே?"

அது குறி பார்த்து எறிந்த கல். லெயோபார்தோவின் கையில் எலோடியா எட்டுத் தடவை பார்த்திருக்கிறாள். எட்டுத் தடவையும் கிளினிக்குக்கு வா என்றாள். எட்டுத் தடவையும் கல்யாணம் முடியட்டும் என்றான்.

"எனக்குன்னு எழுதினது எனக்கு வரும்," என்றான் பௌடேலியோ. பெட்டியைப் பிடுங்கினான். அவள் உள்ளங்கையிலிருந்து மாத்திரையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான். "நீ வேணா நோட்டுல எழுதிக்கோ."

லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

எலோடியா அரை மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஃபிலோமெனாவுக்குப் போன் போட்டாள். ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் ஞானத்தாய். முப்பது வருடமாக இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றே கூப்பிடுகிறார்கள். குடியிருப்பில் யாருக்காவது மாரடைப்பு வந்தால், முற்றத்தில் அடுப்பு மூட்டி, கறியும் சோறும் பீன்ஸும் தட்டுத் தட்டாக விற்று, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அடக்கச் செலவுக்கோ சேர்த்துக் கொடுப்பது வழக்கம். தட்டு விற்பனை என்றாலே ஃபிலோமெனாதான் தளபதி. லெயோபார்தோவுக்கும் அவள்தான் நடத்தினாள்.

"கொமாத்ரே, நாளைக்கு ஒரு தட்டு விற்பனை வைக்கணும்."

"ஐயோ, யாருக்கு?"

"பௌடேலியோவுக்கு."

"மாதாவே. எப்ப போனான்?"

"இன்னும் போகலை. அதனாலதான் வைக்கறோம்."



"கொமாத்ரே, உயிரோட இருக்கறவனுக்கு யாராவது தட்டு விப்பாங்களா?"

"செத்தவனுக்கு வித்து என்னத்தைக் கண்டோம்? நெஞ்சடைச்சுச் செத்தவனுக்காக நாம என்ன விக்கறோம் யோசிச்சுப் பாரு. கொழுப்பு சொட்டற நெஞ்சுக்கறி. வாங்கித் தின்னுட்டுப் பத்து பேர் அடுத்த வரிசையில நிக்கறான். எனக்கு இந்த வியாபாரம் வேண்டாம். தோல் உரிச்ச கோழி, கொழுப்பு விடாத பீன்ஸ், சப்பாத்திக்கள்ளி வதக்கல், சோள ரொட்டி. கோலா கிடையாது. விலையும் கிடையாது."

"விலை இல்லாம?"

"விலை ஒரு கை. பட்டைக்குள்ள கையை விட்டவங்களுக்குத்தான் தட்டு."

ஃபிலோமெனா நீளமாக மூச்சு விட்டாள். "உன் தம்பி உன்னைக் கொன்னுடுவான்."

"கொல்லட்டும். எனக்குத் தட்டு வித்துடு."

அன்று சாயங்காலமே குடியிருப்பின் பேஸ்புக் பக்கத்தில் அறிவிப்பு வந்துவிட்டது. பௌடேலியோ ஓரோஸ்கோவின் இதயத்துக்காகத் தட்டு விற்பனை. சனி காலை பத்து மணி. எலோடியா வீட்டு முற்றம். பழைய படம் ஒன்று, தொப்பியோடு சிரிக்கிறான். கீழே வரிசையாக அழுகிற முகங்கள், கூப்பிய கைகள்.

சனிக்கிழமை காலை, சீமைக்கருவேல விறகை அடுக்கிவிட்டு எலோடியா கார் டிக்கியைத் திறந்தாள். ஹேட்லி அம்மாளின் வழவழப்புக் காகிதங்கள் முதலில் முரண்டு பிடித்தன. பிறகு ரோஸ் நிற மீனும் சுருட்டைக் கீரையும் ஜோராக எரிந்தன.

பத்தே காலுக்கு வரிசை வேலியைத் தாண்டியது. கோழி வாசனை ஒரு பக்கம், துக்கம் விசாரிக்கும் முகங்கள் ஒரு பக்கம். கிளினிக்கின் நர்ஸ் யாரிட்ஸா, விடுமுறை நாள் என்றும் பாராமல், ஒரு மெஷினோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு மெஷினில் எலோடியா.

"பௌடேலியோ எந்த ஆஸ்பத்திரில?"

"வெங்காயம் ஏத்தப் போயிருக்கான். கையை நீட்டு."

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான். நீ இருக்கியான்னு பார்ப்போம். நீட்டு."

கொத்தனார் ஒருவர் பத்து வருடமாகக் கையைக் காட்டாதவர்; கோழிக்காகக் காட்டினார். நூற்று ஐம்பத்தெட்டு. "இது கோழி வாசனைல ஏறினது," என்றார். ஃபிலோமெனா கரண்டியோடு திரும்பி, "கிளினிக்ல கோழி வாசனை வராது. திங்கக்கிழமை போய் அங்க காட்டு," என்று அவர் தட்டில் கள்ளி வதக்கலைக் கூடுதலாக வைத்தாள்.

மினெர்வா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்குத் தெருமுனையில் லாரி ஹாரன் அலறியது. நிறுத்தாமல் அலறியது. பதினெட்டுச் சக்கரம், முழு லோடு வெங்காயம், குடியிருப்பின் குறுகிய மண் தெருவில் வேலியை உரசிக்கொண்டு வந்து நின்றது. பௌடேலியோ கதவைச் சாத்தாமலே இறங்கினான். முகம் மிளகாய்ப் பழம்.

"நான் சாகலை."

வரிசையில் நின்றவர்கள் மெதுவாகத் தொப்பியை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

"காலைலேர்ந்து இருபத்து மூணு போன். பாதிரியார் போன் பண்ணி ஜெபத்துல பேர் சேர்த்துட்டேங்கறார். கல்லு செதுக்கறவர் போன் பண்ணி, தேதியைச் சொன்னா இன்னைக்கே முடிச்சிடலாம்கறார்."

முதலில் சிரித்தது ஃபிலோமெனா. பிறகு முற்றமே சிரித்தது.

"என்ன அக்கா இது? என்னை உயிரோட பொதைக்கறியா?"

"கல்லுல எழுதினது நீ. நான் சாப்பாடுதான் போட்டேன். ஊர்ல எல்லாரும் உன் பேரைச் சொல்லிச் சாப்பிட்டாச்சு. நீயும் ஒரு தட்டு சாப்பிடு. விலை தெரியும்ல?"

எல்லார் கண்ணும் அவன் மேல். மறுத்தால் பயந்துவிட்டான் என்றாகும். பௌடேலியோ சுற்றிப் பார்த்தான். மீசையைத் தடவினான். திடீரென்று அவன் முகத்தில் சிரிப்பு பரவியது. எலோடியா எதிர்பார்த்த சிரிப்புதான். பதினொரு நாளாக உள்ளே போய்க்கொண்டிருக்கிற மாத்திரையின் தைரியம்.

"நான் எப்பவாவது பயந்தவனா? கொண்டா உன் டப்பாவை."

"முதல்ல உட்காரு. உன் கோபத்தை நான் அளக்கப் போறதில்ல."

ஐந்து நிமிடம் அவனை நாற்காலியில் அமைதியாக உட்காரவைத்தாள். அந்த ஐந்து நிமிடம் யாரும் கோழியைக்கூடக் கடிக்கவில்லை. பிறகு பட்டையைச் சுற்றினாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகத் தம்பியின் கை. முழங்கைக்கு மேலே அப்பாவுக்கு இருந்த அதே மச்சம். எலோடியா அதைப் பார்க்காதது போல் பொத்தானை அழுத்தினாள்.

நூற்று நாற்பத்தாறு. கீழே தொண்ணூறு.

"சத்தமா படி," என்றான். படித்தாள். டிரைவர்கள் கூட்டத்தில் கைதட்டல். அவன் நண்பன் செர்வாந்தோ விசில் அடித்தான்.

"பாத்துக்கோங்க. கொத்தனாரைவிடக் கம்மி," என்று பௌடேலியோ எழுந்தான். "எங்கே என் தட்டு?"

"தரேன். மினெர்வா, இங்க வா."

மினெர்வா மாவுக் கையோடு நின்றாள்.

"ரொட்டி கருகும் அண்ணி."

"கருகட்டும். நீயும் தட்டு வாங்கலை. வா."

"அவளை எதுக்கு இழுக்கறே?" பௌடேலியோவின் குரல் ஒரு சுருதி இறங்கியது.

மினெர்வா அவனைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்காமலே உட்கார்ந்து, கேட்காமலே கையை நீட்டினாள். திரும்பவும் ஐந்து நிமிடம். பட்டை இறுகியது. அதன் இரைச்சல் முற்றத்தில் எல்லாருக்கும் கேட்டது.

எலோடியா வாயைத் திறப்பதற்கு முன் மினெர்வாவே திரையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"நூத்தி எண்பத்து ரெண்டு. கீழ நூத்தி ஆறு." பிறகு, சமையல் குறிப்பு சொல்கிற சாதாரணக் குரலில், "மார்ச் மாசம் எனக்கு எப்பவும் இப்படித்தான்," என்றாள்.

யாரும் கைதட்டவில்லை.

எலோடியா நோட்டைத் திறந்து தம்பி மூக்குக்கு நேரே பிடித்தாள். "மூணு மார்ச். படி. நீ பாஸான ஒவ்வொரு தடவையும் இவ ஃபெயில். அது உன் நம்பர்டா. நீ இறக்கி வெச்ச மூட்டையை இவ தலையில சுமந்துக்கிட்டு நிக்கறா."

"சும்மா ரெண்டு வாரம்..."

"நரம்பு வெடிக்க ரெண்டு வாரம் வேணுமா? ஒரு இஸ்திரிப் பெட்டி சூடாகற நேரம் போதும். நீ பார்த்திருக்கே, நானும் பார்த்திருக்கேன். உன் கல்லுல இன்னும் இடம் இருக்கு பௌடேலியோ. உன் பேருக்கு மேல இவ பேரை எழுதச் சொல்லு. இவதான் முந்திப்பா."

பௌடேலியோ சாகத் தயாராக இருந்தவன்தான். அதை ஒரு பெருமையாகவே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன். ஆனால் அந்தப் பெருமைக்கு வேறொருத்தி தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அவன் யோசனையில் ஒரு நாளும் வந்ததில்லை. அவன் மனைவியின் கையைப் பார்த்தான். பட்டை அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

"ஏன்டி சொல்லலை?"

"நீங்க கேக்கலை."

அப்போதுதான் பின்னாலிருந்து செர்வாந்தோ தொண்டையைச் செருமினான். சற்று முன் விசில் அடித்த அதே வாய். "எலோடியா அக்கா, என் பொண்டாட்டிக்கும் ஒருவாட்டி பார்த்துடுங்க. என் செக்கப் ஏப்ரல்ல."

"என்னோடது மே மாசம்," என்றான் இன்னொருவன், தரையைப் பார்த்து.

யாரிட்ஸா இரண்டாவது மெஷினைத் தூக்கிக்கொண்டு டிரைவர்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். பௌடேலியோ மனைவியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். ஃபிலோமெனா அவன் மடியில் தட்டை வைத்தாள்.

"பீன்ஸ்ல கொழுப்பு இல்ல," என்றான் ஒரு வாய் வைத்ததும்.

"உன்கிட்ட இருக்கறது போதும்," என்றாள் ஃபிலோமெனா.

திங்கட்கிழமை கிளினிக் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் லாரி நின்றது. பௌடேலியோ உள்ளே போய், பதினோரு வருட மாத்திரைக் கதை முழுவதையும் பெஞ்சில் உட்கார்ந்தபடி டாக்டரிடம் கொட்டினான். அவன் பெயருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மினெர்வாவின் டப்பா மினெர்வாவிடம் திரும்பியது.

செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கும் போனான். போகாமல் இருந்திருக்கலாம். "ஓடி ஒளிஞ்சா அவனுங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்," என்றான். யார் அந்த அவனுங்க என்று எலோடியா கேட்கவில்லை. மனைவியின் மாத்திரை நின்று, தன் மாத்திரை இன்னும் பிடிக்காத எண் அன்று நூற்று எண்பத்தாறைத் தொட்டது. சான்றிதழ் இல்லை. கட்டுக்குள் கொண்டு வந்துவிட்டு வரச் சொன்னார்கள்.

வெங்காய அறுப்பு உச்சத்தில் இருக்க, லாரி ஏழு வாரம் வீட்டு வாசலில் கிடந்தது. பறவைகள் கண்ணாடியில் எச்சமிட்டன. பௌடேலியோ நாள் முழுவதும் எரிந்து விழுந்தான். லோடு ஏற்றும் கொட்டகையில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனான். அங்கேயும் எரிந்து விழுந்தான். கோலா இல்லாமல் தலை வலிக்கிறது என்றான். சாயங்காலம் மினெர்வா அவனை வாய்க்கால் கரையோரம் நடக்கக் கூட்டிப் போனாள். அவன் திட்டிக்கொண்டே நடந்தான். ஆனால் நடந்தான். இரண்டாவது வாரம் மாத்திரையை மாற்றினார்கள். நாலாவது வாரம் பிடரி வலி நின்றது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சீட் சரியாகிவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் சீட்டில் உட்காரவே இல்லை.

மே மாதம் மறுபரிசோதனை. "நீயும் வா," என்றான் அக்காவிடம், முகத்தைத் திருப்பிக்கொண்டு. எலோடியா வராந்தாவில் உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

பதினோரு வருடமாகப் பரிசோதிக்கும் அதே கிழ டாக்டர். தலை நிமிராமல் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே கட்டங்களில் டிக் அடித்துக்கொண்டு போனார்.

"வலிப்பு?"

"இல்ல."

"மயக்கம்?"

"இல்ல."

"மருந்து ஏதாவது?" பேனா ஏற்கெனவே 'இல்லை' கட்டத்தின் மேல் இருந்தது.

"நில்லுங்க டாக்டர். அதை அடிக்காதீங்க."

சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு டப்பாவை எடுத்து மேஜை மேல் டொக்கென்று வைக்கும் சத்தம் எலோடியாவுக்குக் கேட்டது.

"தினம் ஒண்ணு. என் பேர் போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க. ஓரோஸ்கோ, பௌடேலியோ. வேற யாரோடதும் இல்ல."

நூற்று முப்பத்திரண்டு. எண்பத்து நாலு. ஒரு வருடத்துக்குச் சான்றிதழ்.

வெளியே வந்தவன் காகிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. தொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டான். கார் நிறுத்துமிடத்தில் வெயில் கொதித்தது.

"கல்லு செதுக்கறவர் நேத்து திரும்பவும் கேட்டார்," என்றான். "அந்தக் காலி இடத்தை என்ன பண்றதுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"வெயில்ல காயட்டும்." எலோடியா காரின் பின்சீட்டிலிருந்து பையை எடுத்தாள். "கையை நீட்டு."

"இப்பத்தானே அக்கா உள்ள பார்த்தாங்க."

"அது அரசாங்கம். இது அக்கா. ரெண்டும் வேற டிபார்ட்மென்ட். நீட்டு."

பௌடேலியோ முணுமுணுத்தபடி சட்டைக் கையைச் சுருட்டினான்.